12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் ஊரில் இருந்துவிட்டேன். ஐ.எல்.ஆர் போடலாமா?

பொன்னை மகள் (2 ஆகஸ்ட் 2025)

வணக்கம். எனக்குக் காட்பாடி தாலுகாவில் பொன்னை பக்கம் ஒரு கிராமம். வேலூரில் நர்சிங் படித்து, அங்கேயே 4 வருடம் வார்டில் வேலை பார்த்தேன். 2020 அக்டோபர் 9-ஆம் தேதி மருத்துவப் பணியாளர்களுக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாவில் இங்கிலாந்து வந்தேன். வருகிற அக்டோபரோடு 5 வருடம் முடிகிறது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு, அதாவது ஐ.எல்.ஆருக்கு, விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது என்பது விதி. நான் 2022 நவம்பர் 17 அன்று கிளம்பி 2023 ஜூன் 20 அன்றுதான் திரும்பினேன். என் கணக்கில் 216 நாள். ஏன் அத்தனை நாள் ஆனது என்று சொன்னால்தான் என் கேள்வி புரியும்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து நல்ல மழை. அப்பா மாட்டுக்குப் புல் அறுக்கக் கால்வாய்க் கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். காய்ச்சல் வந்தது. பக்கத்தில் ஓர் இடத்தில் மூன்று நாள் ஊசி போட்டு, வைரல் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீடியோ காலில் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது, கண் சிவந்திருக்கிறது. அம்மாவிடம் அவர் சட்டையைக் கழற்றச் சொன்னேன். "இன்னா பாப்பா, கையைத் தூக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவின் இடது கையைத் தூக்கிப் பிடித்தாள். அக்குளில், பீடி நெருப்பால் சுட்டது போல, சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். வேலூர் வார்டில் மழைக்காலம் வந்தால் எத்தனை பேர் உடம்பில் அதைத் தேடிக் கண்டுபிடித்திருப்போம்! ஸ்கிரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். முதல் நாட்களிலேயே டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் சொன்னபடி கேட்டுவிடும். நாள் தள்ளினால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அன்று ராத்திரியே வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு நான் டிக்கெட் போட்டேன்.

நான் போய் இறங்கியபோது அப்பா வென்டிலேட்டரில் இருந்தார். பிறகு டயாலிசிஸ், கழுத்தில் துளை. நானும் அம்மாவும் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினோம். அந்தத் தெருக்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மாடி மாடியாக வங்காளத்திலிருந்து வந்த நோயாளிகள்தான். பக்கத்து அறைப் பெண்மணி மகனின் அறுவைக்காக வந்திருந்தார். அம்மாவுக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மாதம் இருவரும் ஒரே ஸ்டவ்வில் சமைத்தார்கள். பொங்கலுக்கு அப்பா கண் விழித்து, வார்டுக்கு மாற்றி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் மறுபடி தொற்று. 2023 பிப்ரவரி 11 அன்று போய்விட்டார்.

இதுவரை உள்ளதற்கு என்னிடம் ஒவ்வொரு காகிதமும் இருக்கிறது. என் சங்கடம் அதற்கு அப்புறம் இருந்த நாட்களில்தான். நான் ஒரே பெண். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒன்றரை ஏக்கர் கரும்பு வெட்டுக்கு நின்றது. ஆலையில் பதிவு அப்பா பேரில், கட்டிங் ஆர்டர் அப்பா பேரில். வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். ராத்திரியில் அம்மா எழுந்து அப்பா படுக்கும் கயிற்றுக் கட்டிலைத் தொட்டுப் பார்ப்பாள். அவளை விட்டுவிட்டு எப்படி வருவது? ஆனி பிறக்கும் வரை இருந்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "அந்த நாட்களுக்கும் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று எழுதிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார். அம்மாவுக்கு நெஞ்சுவலி வரவில்லை. நான் அப்படி எழுத மாட்டேன். உள்ளதை எழுதினால் மறுத்துவிடுவார்களா? இரண்டு வருடம் காத்திருந்து போடுவதுதான் வழியா? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை அகழி (2 ஆகஸ்ட்)

அப்பாவுக்கு என் அஞ்சலி, சகோதரி. ஆனால் 180 என்றால் 180தான். 216 ரொம்ப அதிகம். 3,029 பவுண்டு கட்டணம், மறுத்தால் ஒரு பைசா திரும்பாது. மே மாதம் வந்த அரசின் வெள்ளை அறிக்கையில் 5 வருடத்தை 10 வருடமாக்கப் போவதாக வேறு சொல்லியிருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள்.

குடியாத்தம் கைலி (3 ஆகஸ்ட்)

அண்ணே, வெள்ளை அறிக்கையைச் சொல்லிவிட்டு அவசரப்படாதே என்றால் எப்படி? அது இன்னும் விதியாகவில்லை. விதியாகிவிட்டால் யாருக்குப் பொருந்தும் என்றும் தெரியாது. தகுதி இருக்கிறவர்கள் இன்றைய விதி இருக்கும்போதே போடுவதுதான் சரி. கேள்வி அந்தத் தங்கைக்குத் தகுதி இருக்கிறதா என்பதுதான்.

பொன்னை மகளுக்கு: கிளம்பின நாளும் வந்து இறங்கின நாளும் கணக்கில் வராது. முழு நாள் வெளியே இருந்தால்தான் எண்ணுவார்கள். ஆக உனக்கு 216 இல்லை, 214. இரண்டு நாளால் ஒன்றும் மாறாது, ஆனால் படிவத்தில் தப்பாக எழுதக் கூடாது இல்லையா.

ராணிப்பேட்டைக்காரர் (3 ஆகஸ்ட்)

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் லண்டனில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் 11 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். கோப்பைப் பார்க்காமல் சொல்வதால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் கேள்வியை வைத்த விதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை முதலில் அவிழ்க்கிறேன்.

நீங்கள் 214 நாளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தத்தையும் மன்னிப்பார்களா என்று கேட்கிறீர்கள். விதி அப்படி இல்லை. குடிவரவு விதிகளில் தொடர் வசிப்பு பற்றிய பின்னிணைப்பில், சில காரணங்களுக்காக வெளியே இருந்த நாட்கள் 180 வரம்பில் சேரவே சேராது என்று இருக்கிறது. அதில் ஒன்று, நெருங்கிய குடும்பத்தினரின் உயிருக்கு ஆபத்தான நோய் அல்லது மரணம். பெற்ற தகப்பன் நெருங்கிய குடும்பம்தான். எனவே அந்த நாட்களைக் கழித்துவிட்டு, மிச்சம் 180-ஐத் தாண்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தேன். நவம்பர் 18 முதல் பிப்ரவரி 11 வரை 86 நாள். பதினாறாம் நாள் பிப்ரவரி 26, அதுவரை 101. நான் கடுமையாகவே கணக்குப் போடுகிறேன். காரிய நாட்களைக் கூடக் கேட்க வேண்டாம், 86-ஐ மட்டும் கழியுங்கள். 128 மிச்சம். அது 180-க்குள்தானே? கரும்பு வெட்டியது, பட்டா மாற்றியது, அம்மாவோடு இருந்தது எல்லாம் அந்த 128-க்குள் அடங்கிவிடும். அதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சாதாரண விடுப்பு மாதிரி எழுதிவிடலாம். நெஞ்சுவலிக் கதை எழுதச் சொன்னவர் உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு பொய்யைச் சொல்லித் தருகிறார். பொய் என்று பிடிபட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே மொத்தமும் போகும்.

இப்போது இரண்டு கேள்வி. இவற்றுக்குப் பதில் தெரியாமல் நான் "போடுங்கள்" என்று சொல்ல மாட்டேன்.

ஒன்று, அந்த 12 மாதத்துக்குள் வேறு பயணம் உண்டா? 12 மாதம் என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை இல்லை, விசா தேதியிலிருந்தும் இல்லை. எந்த நாளில் தொடங்கினாலும் அது ஒரு 12 மாதம்தான். நவம்பருக்கு முந்தின சில மாதங்களையும் ஜூனுக்கு அடுத்த சில மாதங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, சம்பளம். 7 மாதமும் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு காலண்டர் வருடத்தில் 4 வாரத்துக்கு மேல் சம்பளமில்லாமல் இருந்தால் ஸ்பான்சர், அதாவது உங்கள் விசாவுக்குப் பொறுப்பான வேலை நிறுவனம், அதை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், பல நேரம் ஸ்பான்சர்ஷிப்பையே நிறுத்த வேண்டி வரும். விதிவிலக்குக் காட்டித் தொடர்ந்திருந்தால் அதற்குக் கடிதம் இருக்கும். எனக்கு உங்கள் 180-ஐ விட இதுதான் பயம். 2023-இல் விசா நீட்டித்தபோது ஒன்றும் கேட்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். நீட்டிப்பின்போது இந்த 180 கணக்கைப் பார்ப்பதில்லை.

ஆம்பூர் 635802 (4 ஆகஸ்ட்)

ராணிப்பேட்டை அண்ணன் சொன்னதற்கு என் கதை ஒரு சாட்சி. மனைவியின் பிரசவத்துக்காக 203 நாள் ஆம்பூரில் இருந்தேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத்தான் இருந்தார்கள். நான் "கருணை அடிப்படை" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 2023-இல் மறுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான நோய் எதுவும் காட்டப்படவில்லை என்று ஒரே வரி. அப்போதைய கட்டணம் 2,404 பவுண்டு போயிற்று. 80 பவுண்டு கட்டி நிர்வாக மறுபரிசீலனை கேட்டேன், அதுவும் நிற்கவில்லை. அந்த 12 மாதம் 5 வருடக் கணக்கை விட்டு வெளியே போகும்வரை காத்திருந்து, போன வருடம் போட்டுக் கிடைத்தது.

மறுக்கப்பட்ட அன்று நான் எழுதினது பொய் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணீர் நிறைய இருந்தது, காகிதம் இல்லை. அக்கா, உங்களிடம் காகிதம் இருக்கிறது. தைரியமாகப் போடுங்கள்.

பொன்னை மகள் (9 ஆகஸ்ட்)

எல்லாருக்கும் நன்றி. பதில் சொல்ல ஒரு வாரம் ஆனதற்குக் காரணம் முதல் கேள்விதான்.

வேறு பயணம் இல்லை என்று எழுதப் போனேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா பால் சொசைட்டிக்கு ஊற்றும் பாலுக்குத் தனியாக ஒரு நோட்டு வைத்திருப்பார். காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று நாள் தவறாமல் எழுதுவார். அம்மா அதை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்பினாள். 2022 ஆகஸ்ட் 4-ஆம் தேதி வரிசையில், காலை 6 லிட்டர் என்பதற்குப் பக்கத்தில், "பாப்பா வந்தது, மாலை பால் ஊற்றவில்லை" என்று இருக்கிறது. ஆகஸ்ட் 26-இல் "பாப்பா கிளம்பியது". சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனது எனக்கு மறந்தே போயிருந்தது. பாஸ்போர்ட்டில் சென்னை முத்திரையும் இருக்கிறது. 3-ஆம் தேதி இங்கிருந்து கிளம்பி 27-இல் வந்து இறங்கியிருக்கிறேன். முழு நாள் 23.

ஆக 2022 ஆகஸ்டிலிருந்து 12 மாதத்தில் 214-உம் 23-உம் சேர்த்து 237. அதில் 86 போனால் 151. சரிதானே, சார்? அதற்குப் பிறகு அந்த வருடம் நான் எங்கும் போகவில்லை.

சம்பளம் விஷயம்: வருட விடுப்பும் குடும்ப அவசர விடுப்பும் போக மீதி சம்பளமில்லாமல்தான். எங்கள் வார்டு மேனேஜர் டிசம்பரிலேயே எச்.ஆரிடம் பேசி, அப்பாவின் நிலையைச் சொல்லி, உள்துறைக்குத் தெரிவித்துவிட்டார்கள். மறுபடி மார்ச்சிலும் தெரிவித்திருக்கிறார்கள். இரண்டு மின்னஞ்சலும் கேட்டு வாங்கிவிட்டேன். அந்த அம்மாள் அன்று செய்ததன் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மார்ச்சில் நான் ஆலைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன், அவர் எனக்காக இங்கே படிவம் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

ராணிப்பேட்டைக்காரர் (9 ஆகஸ்ட்)

151 சரி. அந்த 23-ஐ நீங்கள் விட்டிருந்தால் படிவத்தில் ஒரு பயணம் குறைந்திருக்கும். அவர்களிடம் உங்கள் பயண விவரம் இருக்கும். மறந்தது, மறைத்தது இரண்டும் அவர்களுக்கு ஒன்றாகத்தான் தெரியும். அந்த மின்னஞ்சல்கள் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி, ஆனாலும் அவற்றின் வாசகத்தை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்ப்பது நல்லது.

காகிதங்கள் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தில் வென்டிலேட்டர், டயாலிசிஸ் இரண்டும் தேதியோடு இருக்க வேண்டும். சேர்த்த தேதியும் நீங்கள் விமானம் ஏறின தேதியும் ஒட்டி வருவது உங்களுக்கு வலு. இறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் பிரச்சினை இல்லை. தமிழில் மட்டும் இருக்கிற எதையும் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி எல்லாம் சேர்த்து வையுங்கள். அவர் உங்கள் தகப்பனார் என்பதற்குப் பிறப்புச் சான்று வையுங்கள். உங்கள் இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருக்கிறது பாருங்கள், அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். நிறையப் பேர் போட்டோ பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் நோய், இரண்டாவதில் மரணம், மூன்றாவதில் கணக்கு. 237, 86, 151. பிப்ரவரிக்கு அப்புறம் ஏன் இருந்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் உள்ளபடி எழுதிவிடுங்கள். தகப்பன் இறந்த பிறகு தாயோடு இருந்து நிலத்தைப் பேர் மாற்றிக் கொடுத்தேன் என்று எழுதுவதில் மறைக்க என்ன இருக்கிறது?

காத்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்களே. ஒருவேளை மறுத்தால், நீங்கள் திரும்பி வந்த 2023 ஜூனிலிருந்து புதிதாக எண்ண வேண்டும் என்று நினைக்காதீர்கள். 2022 டிசம்பர் 22-இலிருந்து எண்ணினால் அந்தப் பயணத்தில் மிச்சம் சரியாக 180. அதாவது 2027 டிசம்பர் கடைசியில் எந்தக் காரணமும் காட்டாமலே போடலாம், இன்றைய விதி அப்படியே இருந்தால். ஆனால் இடையில் ஒரு விசா நீட்டிப்பு வரும். இப்போது போடுவதுதான் என் எண்ணம். 5 வருடம் முடிவதற்கு 28 நாள் முன்பிருந்தே போடலாம், உங்களுக்கு அது செப்டம்பர் 11. ஒரு நாள் கூட முன்னால் போடாதீர்கள்.

கோட்டை அகழி (10 ஆகஸ்ட்)

நான் 216 என்ற எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டேன். நாட்களைக் கழிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டும், சகோதரி.

பொன்னை மகள் (18 செப்டம்பர்)

இன்று காலை போட்டுவிட்டேன். ஐ.எல்.ஆருக்கு வேண்டிய லைஃப் இன் த யூ.கே தேர்வை ஜூனிலேயே எழுதிவிட்டேன், 24-க்கு 22. வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துக் கோப்பைக் காட்டினேன். ராணிப்பேட்டை சார் சொன்னதில் அவர் மாற்றியது ஒன்றே ஒன்று: 86 கணக்கோடு 101 கணக்கையும் எழுதச் சொன்னார், ஈமக் காரியமும் மரணத்தோடு சேர்ந்ததுதான் என்று. இரண்டையும் எழுதினேன்.

ஆஸ்பத்திரிச் சுருக்கத்தை ஸ்கேன் செய்யும்போது முதல் முறையாக முழுதாகப் படித்தேன். இடது அக்குளில் 8 மில்லிமீட்டர் பொருக்கு என்று எழுதியிருக்கிறது. நான் வீடியோவில் பார்த்த அதே இடம். சில நிமிடம் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், மழை, பனி மாதங்களில் காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே எல்லாம் பாருங்கள். வலிக்காது, அரிக்காது, அதனால் அவர்களுக்கே தெரியாது.

ஆம்பூர் 635802 (18 செப்டம்பர்)

நல்லபடியாக வரும், அக்கா. மின்னஞ்சலை நாளுக்குப் பத்து முறை திறந்து பார்க்காதீர்கள், நான் பார்த்தேன்.

பொன்னை மகள் (5 டிசம்பர்)

நேற்று மாலை வந்துவிட்டது. கொடுத்திருக்கிறார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை, கூடுதலாக ஒரு காகிதமும் கேட்கவில்லை. 11 வாரம் ஆனது.

ராணிப்பேட்டை சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குடியாத்தம் அண்ணா, ஆம்பூர் தம்பி, உங்களுக்கும். என் மாதிரி யாராவது இங்கே வந்தால் நானும் உட்கார்ந்து நாள் எண்ணிக் கொடுப்பேன்.

ராணிப்பேட்டைக்காரர் (5 டிசம்பர்)

மிகுந்த மகிழ்ச்சி, அம்மா. இனி 180 உங்களுக்கு இல்லை. தொடர்ந்து 2 வருடம் வெளியே இருந்தால்தான் இந்த அனுமதி காலாவதியாகும். குடியுரிமைக்குப் போகிற எண்ணம் இருந்தால் மட்டும் அதற்கு வேறு கணக்கு: 5 வருடத்தில் 450 நாள், கடைசி 12 மாதத்தில் 90 நாள். அதுவரை அப்பாவின் பால் நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பொன்னை மகள் (6 டிசம்பர்)

ஊரில் பத்திரமாக இருக்கிறது, சார். அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். கார்டா, புத்தகமா என்று கேட்டாள். இரண்டும் இல்லை, கம்ப்யூட்டரில்தான் இருக்கும் என்றேன். அதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. "சரி, திதிக்கு வருவியா? எத்தினி நாளு இருப்ப?" என்றாள்.

தை மாதக் கடைசியில் திதி. ஜனவரி 30-க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், 24 நாள். மாடு இப்போது ஒன்றுதான் இருக்கிறது, அம்மா அந்த நோட்டிலேயே தொடர்ந்து எழுதுகிறாளாம்.